பேட்டரிக்குப் பகை குளிரா, வெயிலா?

கடைக்குச் சரக்கு ஏற்ற மின்சார லோடு ஆட்டோ வாங்கலாமா என்று நம் வணிகர்கள் பலர் யோசித்து வருகிறார்கள். டீசல் விற்கும் விலையில் இது நியாயமான யோசனையே. ஆனால் முன்பணம் கட்டும் நேரத்தில் ஒரு பேச்சு குறுக்கே வந்து நிற்கிறது. "அமெரிக்காவிலேயே குளிரில் நின்ற மின்சாரக் கார்கள் முடங்கிப் போயினவாமே! குற்றாலச் சாரலில் நம் வண்டி என்ன ஆகும்?"

செய்தி உண்மைதான். 2024 ஜனவரியில் சிகாகோவில் கடுங்குளிர் வாட்டியபோது, சார்ஜ் நிலையங்களில் கார்கள் வரிசையாக முடங்கின. காரணம் மளிகைக் கடைக்காரருக்கு எளிதில் புரியும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் டின்னிலேயே உறைந்து நிற்கும். எண்ணெய் கெட்டுவிட்டதா? இல்லை. வெயில் ஏறியதும் பழையபடி ஊற்றலாம். லித்தியம் பேட்டரியும் ஏறத்தாழ அப்படித்தான். குளிரில் உள்ளே நடக்கும் வேதிவினை மந்தமாகி, ஓடும் தூரம் குறையும், சூடேறினால் சரியாகிவிடும். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றுவதுதான் நிரந்தரச் சேதம். அதனால்தான் பல கார்கள் முதலில் பேட்டரியைச் சூடேற்றிக்கொண்டு, பிறகே சார்ஜ் வாங்குகின்றன. பனி கொட்டும் நார்வேயில் 2024-ல் விற்ற புதுக் கார்களில் 10-க்கு சுமார் 9 மின்சாரக் கார்கள். குளிர் அவர்களையே தடுக்கவில்லை.

தென்காசியில் மார்கழிப் பனியிலும் 0 டிகிரி நினைத்துப் பார்க்க முடியாதது. நாம் அஞ்ச வேண்டியது வெயிலுக்கு. காறிப்போன எண்ணெயை நல்ல எண்ணெயாக்க முடியுமா? முழுச் சார்ஜோடு கொளுத்தும் வெயிலில் நாள்தோறும் நிற்கும் பேட்டரியும் அப்படித்தான். அது சீக்கிரம் தேயும், தேய்ந்தது திரும்பாது. வண்டி விலையில் பெரும் பங்கு பேட்டரிக்கே. கடன் தவணை முடியுமுன் அது தளர்ந்தால் முதலுக்கே மோசம்.

சாரலுக்குப் பயப்பட வேண்டாம். வெள்ளத்துக்குப் பயப்பட வேண்டும். வாங்கும்போது பேட்டரி ஐ.பி.67 தரமா என்று கேளுங்கள். 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் வரை தாங்கும் என்பது அதன் பொருள். 2023 டிசம்பரில் தென் மாவட்டங்கள் கண்டதுபோல் வெள்ளம் வந்து வண்டி மூழ்கினால், சாவி போட்டுப் பார்ப்பதும் சார்ஜ் போடுவதும் ஆபத்து. கம்பெனி ஆள் பார்த்த பிறகே தொட வேண்டும்.

மற்றபடி நிறுத்தும் முறை எளியது. லோடு இறக்கி வந்த சூட்டில் உடனே சார்ஜ் போடாதீர்கள். நாட்கணக்கில் கடை அடைத்தால் பாதிச் சார்ஜில் விடுங்கள், காலியாக விடாதீர்கள். பிளக் கூரைக்குக் கீழே இருக்கட்டும். எர்த் சரியாக இருக்கட்டும். ஒட்டுப்போட்ட ஒயர் வேண்டாம்.

ஆனால் கூரைக்கு எங்கே போவது? சொந்தக் கட்டடமும் ஷெட்டும் உள்ள மொத்த வியாபாரிக்குக் கவலையில்லை. வாடகைக் கடையில் இருக்கும் சிறு வியாபாரி, வண்டியைத் தெருவில்தான் நிறுத்த வேண்டும். வண்டி இருவருக்கும் ஒரே விலை. பேட்டரியின் ஆயுள் மட்டும் இருவருக்கும் வேறு. எரிபொருள் செலவில் மிச்சம் பிடிக்க வேண்டிய சிறு கடைக்காரரே இதில் நட்டப்படுவார்.

ஆகவே, தென்காசிக் கடைவீதியிலும் பாவூர்சத்திரம், சுரண்டைச் சந்தைகளிலும் கூரை போட்ட வண்டி நிறுத்தமும், தனி மீட்டருடன் சார்ஜ் வசதியும் கேட்டு நம் சங்கங்கள் மனுக் கொடுக்க வேண்டும். பயன்படுத்துவோர் கட்டணம் செலுத்தத் தயங்க மாட்டார்கள். வண்டிகள் வந்து குவிந்த பிறகு நிழல் தேடுவதைவிட, இப்போதே இடம் கேட்பது புத்திசாலித்தனம். அடுத்த செயற்குழுவில் இதைப் பொருளாக வைத்துப் பேசுவோம்.