கயிறு இருக்கு… கட்டத் தெரிந்த கை எங்கே?



சாரணர் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? கழுத்தில் ஒரு ஸ்கார்ஃப், கையில் கொடி, ஆகஸ்ட் 15, ஜனவரி 26. அவ்வளவுதான். அன்றைக்கு மடித்துப் பெட்டியில் வைத்த ஸ்கார்ஃப் அடுத்த கொடியேற்றத்துக்குத்தான் வெளியே வரும். பல பள்ளிகளில் நிலைமை இதுதான். இதற்காகப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. சாரண ஆசிரியரையும் நான் குறை சொல்ல மாட்டேன். மனுஷன் கணக்குப் பாடம் நடத்தணும், விடைத்தாள் திருத்தணும், தேர்தல் வேலைக்கு ஓடணும், இதற்கு நடுவில் படையையும் நடத்தணும். அவருக்கு மாறுதல் ஆர்டர் வந்தால் படைக்கும் சேர்த்தே ட்ரான்ஸ்பர்!

அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது இன்னொரு வாத்தியார் அல்ல. ஏதாவது ஒரு வேலையைக் கையால் செய்யத் தெரிந்த, வாரா வாரம் தவறாமல் வருகிற ஓர் அண்ணன், ஓர் அக்கா. அதற்குப் பாலிடெக்னிக்கில் படிக்கிற நம்மைவிடப் பொருத்தமானவர் யார்? இதுதான் என் கட்சி.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த யோசனையும் அல்ல. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சுமார் 20 சிறுவர்களை வைத்து முதல் முகாம் நடத்தினார். தனி ஆளாகவா நடத்தினார்? பட்டாளத்தில் தன்னோடு இருந்த பழைய நண்பர் மக்லாரனைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். பக்கத்து ஊர்களில் சிறுவர் படை நடத்திவந்தவர்களும் வந்து ஒத்தாசை செய்தார்கள். ஆக, இயக்கம் பிறந்த அன்றே நண்பர்களின் தோள் அதற்குத் தேவைப்பட்டது. நம் சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியப் பிள்ளைகளுக்குச் சாரணர் படையில் இடம் மறுக்கப்பட்ட காலத்தில், அவர்களுக்கென்றே ஒரு சங்கம் அமைக்க முன்வந்தவர் அன்னி பெசன்ட். அப்போது அம்மையாருக்கு வயது 70ஐ ஒட்டி! சாரணர் வயதைத் தாண்டி அரை நூற்றாண்டு ஆகியிருக்கும். பிற்பாடு பல பிரிவுகளாகக் கிடந்த இயக்கங்கள் ஒன்றாகி 1950 நவம்பர் 7இல் பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவானது. வயது வந்தவர்கள் தோழமையோடு இயக்கத்துக்குத் துணை நிற்பதற்கென்றே 1953இல் ஸ்விட்சர்லாந்தின் லூசர்ன் நகரில் ஒரு சர்வதேச அமைப்பும் தொடங்கப்பட்டது.

சரி, வரலாறு போதும். நம்மால் என்ன ஆகும்?

சிவில் மாணவர்களைக் கேட்கிறேன். ஆற்றைக் கடக்காமலேயே அதன் அகலத்தைக் கண்டுபிடிப்பது சாரணர் பயிற்சியில் உண்டு. எதிர்க்கரையில் ஒரு மரத்தைக் குறி வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு நேரே நின்று, கரையோரமாக 20 தப்படி நடந்து ஒரு கம்பை ஊன்ற வேண்டும். அதே நேர்க்கோட்டில் இன்னும் 10 தப்படி நடந்து, ஆற்றுக்கு முதுகு காட்டிச் செங்குத்தாக உள்ளே போக வேண்டும். அடிக்கடி திரும்பிப் பார்க்கணும். கம்பும் மரமும் எந்த இடத்தில் ஒரே கோட்டில் தெரிகிறதோ அங்கே நிற்க வேண்டும். உள்ளே நடந்த தூரத்தை இரண்டால் பெருக்கினால் ஆற்றின் அகலம்! ஏன் என்று கேட்டால் பல படைகளில் பதில் சொல்ல ஆளில்லை. வடிவொத்த முக்கோணம் என்பதை ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு மைதானத்திலேயே நாலு கம்பு நட்டுக் காட்ட நமக்குத் தெரியாதா? சர்வே கேம்ப்பில் வெயிலில் வெந்தது பின்னே எதற்கு?

ட்ரிபிள் ஈ நண்பர்கள், கரண்ட் பிடித்துக்கொண்டவனைத் தொடாமல் முதலில் மெயினை ஆஃப் செய்யச் சொல்லிக் கொடுக்கலாம். ஒரு வீட்டில் ஓர் உயிர் பிழைத்தாலும் போதாதா? மெக்கானிக்கல்காரர்கள் சைக்கிள் பஞ்சர் ஒட்டக் கற்றுத் தரலாம். சமையல், சைக்கிள், மின்சாரம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பேட்ஜ் இருக்கிறது. கற்றுத் தரத்தான் ஆளில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் கயிறு, கூடாரம் எல்லாம் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தன. கட்டத் தெரிந்தவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். கயிறு மக்கிப்போனதுதான் மிச்சம்.

"நமக்கே ரெக்கார்டு நோட்டு முடியலை, அரியர் வேற இருக்கு, இதுக்கெல்லாம் ஏதப்பா நேரம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயம்தான். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நாம் செலவழிக்கிற நேரத்தை யாரும் கணக்கு வைப்பதில்லையே! "சர்டிபிகேட் கிடைக்குமா மச்சி?" என்று கேட்பவரிடம் எனக்கு வாதாட விருப்பமில்லை. அவர் வராமலிருப்பதே படைக்கு நல்லது.

வித்தை மட்டும் இருந்தால் போதாது. ஒருநாள் போய், போட்டோ எடுத்து, பிஸ்கட் பாக்கெட் கொடுத்துவிட்டு வருவது உதவியே அல்ல. பிள்ளைகள் நம் பெயரைத் தெரிந்துகொள்வதற்கே நாலு வாரம் பிடிக்கும். அப்புறம்தான் "அண்ணா, பத்தாவது முடிச்சுட்டு என்ன படிக்கலாம்?" என்ற கேள்வி வரும். சித்தாள் வேலைக்குப் போகவிருந்த ஒரு பையன், டிப்ளமோ என்று ஒன்று இருப்பதையே நம்மைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். ஆற்றின் அகலத்தைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

இன்னொன்று. படை அவர்களுடையது. ஆறேழு பேர் கொண்ட அணி, அதற்கு அவர்களுக்குள்ளேயே ஒரு தலைவன், இதுதான் சாரணர் முறை. நாம் போய் விசிலை வாங்கிக்கொண்டு அதிகாரம் செய்யக் கூடாது. கேட்டால் சொல்லணும், இல்லாவிட்டால் ஓரமாக நிற்கணும். தலைமை ஆசிரியரின் அனுமதியும் சாரண ஆசிரியரின் சம்மதமும் இல்லாமல் உள்ளே காலெடுத்து வைக்க வேண்டாம். எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்க வேண்டாம். எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேராகவே இருங்கள். இதில் யாருக்கும் விதிவிலக்கு கூடாது. சாரணியர் படைக்குப் பெண்கள்தான் வழிகாட்ட முடியும் என்பதால் நம் தோழிகள் வராவிட்டால் பாதி வேலை நின்றுபோகும். இயக்கத்தில் முறைப்படி சேர ஆசைப்படுகிறவர்களுக்கு 25 வயது வரை திரிசாரணர், திரிசாரணியர் பிரிவுகள் இருக்கின்றன. அவர்களுடைய குறிக்கோளே சேவைதான்.

முதல் வாரத்துக்குப் பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். ஆறடி மூங்கில் மூன்று, கொஞ்சம் தேங்காய் நார்க் கயிறு. மூன்றையும் சேர்த்துக் கட்டி விரித்தால் முகாமில் கைகழுவும் பாத்திரம் வைக்க முக்காலி தயார். கட்டு நழுவினால் நம் காலேஜ் பக்கத்தில் எழும்புகிற கட்டடத்துக்குப் போய், சவுக்குக் கம்பில் சாரம் கட்டுகிற அண்ணன் கயிற்றை எப்படி இறுக்குகிறார் என்று பாருங்கள். முடிந்தால் அவரையும் கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள்!

— மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்