ஒரு மென்பொருள், மூன்று மேடைகள்

ஒருமுறை எழுதிய மென்பொருள் எக்கணினியிலும் இயங்கும் என்ற வாக்குறுதியுடன் 1995 ஆம் ஆண்டில் ஜாவா மொழி வெளிவந்தது. திரைக்குப் பின்னால் நிகழும் வேலைகளைப் பொறுத்தவரை அவ்வாக்குப் பெரிதும் நிறைவேறிற்று. மேசைக் கணினித் திரையிலே தோன்றும் மென்பொருளுக்கோ அது இன்றுவரை முழுமையாகக் கைகூடவில்லை. விண்டோஸ், மக், லினக்ஸ் என்னும் மேடைகள் மூன்றும் தத்தமக்கெனத் தனி மரபுகள் உடையன.

விசைகளும் பொத்தான்களும் இடம் மாறுவது சிறு தொல்லையே. கண்ணுக்குப் புலப்படாத வேறுபாடுகளே பெருந்துன்பம் தருவன. தமிழாசிரியராகிய எமக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று கூறுவோம். கோப்பொன்றுக்குக் 'கொழும்பு' எனப் பெயரிடுகிறோம். முதலெழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் பதியலாம். கொம்பு, அரவு என இரண்டாகப் பிரித்தும் பதியலாம். யுனிகோட் விதிப்படி இரண்டும் சமம். ஆயின், 1998 இல் மக்கில் அறிமுகமான எச்எப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயரைப் பிரித்தே சேமித்தது. விண்டோஸும் லினக்ஸும் பொதுவாகக் கொடுத்ததைக் கொடுத்தபடியே வைத்திருப்பன. ஆகவே, மக்கிலிருந்து பொதியாகக் கட்டி அனுப்பிய கோப்பை மற்றொரு மேடையில் அதே பெயரால் மென்பொருள் தேடினால், 'இல்லை' என விடை வரக்கூடும். வடிவம் ஒன்று, குறியெண் இரண்டு! சிலேடை படிப்பிக்கும் எமக்கே இது வியப்பைத் தந்தது. 2017 இல் வந்த புதிய முறைமை கொடுத்த வடிவத்தைக் காக்கின்றது. எனினும் பழைய வட்டுகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. ஆங்கிலப் பெயர்களை மட்டுமே வைத்துச் சோதிப்பவர் இவ்வழுவை ஒருபோதும் காணார்.

இத்தொல்லைகளுட் சிலவற்றைத் தவிர்க்கும் வழியாக 2013 இல் கிற்ஹப் நிறுவனத்தார் தொடங்கியது எலெக்ட்ரன். அது ஒவ்வொரு மென்பொருளோடும் முழு உலாவிப் பொறி ஒன்றைப் பொதிந்து அனுப்புகிறது. அதனால் தமிழெழுத்துகள் எங்கும் ஏறத்தாழ ஒரேவிதமாக அமைகின்றன, இந்நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால், சிறு குறிப்பேடு ஒன்றும் நூறு மெகாபைற்றுக்கு மேல் இடங்கொள்கிறது. நான்கு கிகாபைற் நினைவகமுள்ள பழைய கணினியில் இத்தகைய மூன்றைத் திறந்தால் ஏனைய வேலைகள் தளர்ந்துவிடும். எழுதுவோர் மிச்சம்பிடித்த உழைப்பைப் பயன்படுத்துவோரின் இயந்திரம் சுமக்கின்றது. இது முறையன்று என்பதே எம் கருத்து.

1995 இல் நோர்வேயிலிருந்து வெளிவந்த கியூற் போன்ற கருவிகள் கற்பதற்குக் கடினமாயினும் நினைவகத்தைக் குறைவாகவே கேட்பன. பாடசாலைகளுக்கென மென்பொருள் ஆக்கும் பழைய மாணவர் அவ்வழியை நாடுதல் நன்று. கல்லூரிக்குக் கணினி அன்பளிப்புச் செய்ய எண்ணுவோரிடமும் ஒரு விண்ணப்பம்: ஒரே இன இயந்திரங்கள் இருபது தருவதிலும், அவற்றுள் மக் ஒன்றும், லினக்ஸ் நிறுவிய பழைய கணினி ஒன்றும் இருக்கத் தந்தால், எம் மாணவர் தாம் எழுதியதை மூன்று மேடைகளிலும் தாமே ஓட்டிப் பார்ப்பர்.