ஹாக்கி ஏலம்: பின்வரிசை ஆட்டக்காரருக்கும் பங்கு வேண்டும்!

முதல் தேதி வாங்கிய சம்பளத்தில் பெரும் பங்கை ஒரே பட்டுப்புடவைக்குக் கொடுத்துவிட்டால், மாதக் கடைசிவரை அடுப்பு எரிவது எப்படி? காஞ்சிரங்குளம், பாறசாலை வட்டாரத்தில் கூலி வேலையும் குமாஸ்தா வேலையும் பார்க்கும் தமிழர் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். ஹாக்கி அணிகளை நடத்தும் முதலாளிகளுக்குத் தெரிகிறதா?

2017-க்குப் பிறகு நின்றுபோன ஹாக்கி இந்தியா லீக் போட்டி, 2024 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. அதற்கான ஏலம் அக்டோபரில் டெல்லியில் நடந்தது. ஆண்கள் அணி ஒவ்வொன்றுக்கும் அப்போது உச்சவரம்பு ரூ.4 கோடி. அதற்குள் 24 பேரை எடுக்க வேண்டியிருந்தது. அவர்களில் 8 பேர் வெளிநாட்டினர். இந்தியர்களில் 4 பேராவது இளையோராக இருக்க வேண்டியிருந்தது.

78 லட்சம்!

இந்திய அணித் தலைவர் ஹர்மன்பிரீத் சிங்கை சூர்மா அணி ரூ.78 லட்சத்துக்கு எடுத்தது. மீதி 23 பேருக்கு ரூ.3 கோடியே 22 லட்சம். சராசரி ரூ.14 லட்சம்.

நம் தமிழ்நாடு டிராகன்ஸ் அணி என்ன செய்தது? ஜிப் யான்சனுக்கு 54 லட்சம், அமித் ரோகிதாசுக்கு 48 லட்சம், கோல் காப்பாளர் டேவிட் ஹார்ட்டுக்கு 32 லட்சம். மூன்று பேருக்கே ரூ.1 கோடியே 34 லட்சம்! வரம்பில் மூன்றில் ஒரு பங்கு அதோடு தீர்ந்தது. அந்த ஏலத்தில் கடைசிப் படியின் அடிப்படை விலையோ ரூ.2 லட்சம்தான்.

ஓடி ஓய்ந்தால்...

ஹாக்கி, 11 பேர் மட்டும் ஆடி முடிக்கும் ஆட்டம் அல்ல. 60 நிமிடத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். முன்கள ஆட்டக்காரர் சில நிமிடம் பாய்ந்து ஓடிவிட்டு வெளியே வருகிறார். அவர் மூச்சு வாங்கும் நேரத்தில் உள்ளே போகிறவர் தளர்ந்தால், 78 லட்சமும் தண்ணீரில் போட்டதுதான்.

பெரிய ஆட்டக்காரருக்குப் பெரிய விலை நியாயமே. 2025 பிப்ரவரி 1-ந் தேதி நடந்த இறுதி ஆட்டத்தில் வங்காள அணியின் ஜுக்ராஜ் சிங் 3 கோல் போட்டார். ஆனால் ஐதராபாத் அணியும் 3 கோல் போட்டதே! சாம் லேன் அடித்த நான்காவது கோல்தான் கோப்பையைக் கொண்டுவந்தது.

நாளைய நட்சத்திரம்

ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வென்ற ஸ்ரீஜேஷ், திருவனந்தபுரம் ஜி.வி.ராஜா விளையாட்டுப் பள்ளியில் மட்டை பிடித்த பையன்தான். கோவில்பட்டியில் பயிற்சி பெற்ற மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022-ல் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள். இவர்கள் யாரும் உச்சியில் பிறந்தவர்கள் அல்ல.

எனவே, கடைசிப் படியின் அடிப்படை விலையை உயர்த்த வேண்டும். உச்சவரம்பில் ஒரு பகுதியைப் பின்வரிசையினருக்கென்று ஒதுக்கி வைக்கவும் வேண்டும். வட அமெரிக்கப் பனிக்கட்டி ஹாக்கியிலும் சம்பள உச்சவரம்பு உண்டு. கூடவே, கடைசி ஆட்டக்காரனுக்கும் குறைந்தபட்சச் சம்பளம் ஒப்பந்தத்திலேயே உறுதி செய்யப்பட்டிருக்கிறது.

கோபுரத்துக்குப் பொன் பூசுங்கள், வேண்டாம் என்பார் இல்லை. அஸ்திவாரத்துக்குக் கல் வாங்கவும் காசு வையுங்கள்!