மருந்து மீனுக்கா, தொட்டிக்கா?



சென்ற மார்கழியில், போடிநாயக்கனூரை அடுத்த சிலமலையில் உறவினர் ஒருவரின் இல்லத்தில் நான்கு நாட்கள் தங்க நேர்ந்தது. கூடத்தில் 20 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி; அதனுள் நீலநிறச் சண்டை மீன் ஒன்று. பிள்ளைகள் ‘ஃபைட்டர்’ என்றழைப்பது இதைத்தான். ஏலமலைச் சரிவிலிருந்து இரவெல்லாம் இறங்கிய குளிர்காற்றில் அது வாடிப்போயிருந்தது. துடுப்புகள் உடலோடு ஒட்டி, விளிம்புகள் நைந்து, அடித்தரையிலேயே கிடந்தது. யாரோ சொன்னதைக் கேட்டு, வீட்டில் எப்போதோ வாங்கி மிஞ்சியிருந்த ஆன்டிபயாடிக் கேப்சூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டினார்கள். மறுநாள் நீர் கலங்கிற்று. நான் ஊர் திரும்பிய அன்று மீன் இறந்துபோயிற்று.

“மருந்து ஊத்துன பின்னாடிதானே செத்துச்சு, பெரியம்மா?” என்று எட்டு வயதுப் பிள்ளை கேட்டான். மீன் வளர்க்கும் ஒவ்வோர் இல்லத்திலும் எழக்கூடிய கேள்வி இது. அதற்குரிய விடையையே இம்மாதம் எழுதுகிறேன்.

தொட்டியில் நம் கண்ணுக்குத் தெரிவது மீன் மட்டுமே. தெரியாமல் வாழ்பவை கோடானுகோடி நுண்ணுயிர்கள். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. ஒருவகை நுண்ணுயிர் அதனை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்குகிறது. இவ்வுயிர்களை ருஷ்ய அறிஞர் வினோகிராத்ஸ்கி 1890ஆம் ஆண்டளவில் பிரித்தெடுத்துக் காட்டினார். வடிகட்டியின் பஞ்சிலும் கூழாங்கற்களிலும் குடியிருக்கும் இவையே தொட்டியின் துப்புரவுப் பணியாளர்கள். கிருமியைக் கொல்லும் மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது. நோய்க்கிருமியைத் தேடிச் செல்லும் மருந்து இவற்றையும் அழித்துவிடுகிறது. பிறகு அம்மோனியா ஏறுகிறது. நோயால் மெலிந்த மீன் நஞ்சிலும் மூழ்குகிறது. கடைகளில் கிடைக்கும் மெத்திலீன் நீலமும் இத்தகையதே.

இம்மீனின் தாயகம் தாய்லாந்து. 2019ஆம் ஆண்டில் அந்நாடு இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக ஏற்றது. வெதுவெதுப்பான வயல்நீரில் வாழ்ந்த இனம் இது. 24 முதல் 28 பாகை செல்சியஸ் வெப்பமே இதற்கு உகந்தது. நம்மூர்ப் பனையேறிக் கெண்டையைப் போல, நீர்மட்டத்திற்கு வந்து காற்றையும் நேரே சுவாசிக்கும் உறுப்பு இதற்கு உண்டு. அதனால்தான் சிறு குப்பியில் அடைத்து விற்றாலும் மூச்சுமுட்டிச் சாவதில்லை. அதைக் கண்டு, ‘எந்த நீரும் இதற்குப் போதும்’ என்று எண்ணிவிடுகிறோம். மூச்சு முட்டாவிட்டாலும் அம்மோனியா அதன் செவுளை அரிக்கும். அழுக்கு நீரும் குளிரும் சேர்ந்தால் துடுப்பழுகல் நோய்க்கு வாசல் திறந்துவிடுகிறது.

ஆகவே, மீன் சுணங்கினால் முதலில் நீரைப் பாருங்கள். தொட்டி நீரில் கால்பங்கை மாற்றுங்கள். குழாய்நீரில் குளோரின் இருக்கும். வாயகன்ற பாத்திரத்தில் ஒருநாள் முழுவதும் திறந்து வைத்த பின்னரே ஊற்றுங்கள். குளிர் மாதங்களில் சிறிய ஹீட்டர் ஒன்று பொருத்துவது நலம்.

மருந்து தேவையெனில் அதற்குத் தனிப் பாத்திரம் வேண்டும். சோப்புப் படாத, மூடியுள்ள 5 லிட்டர் பாத்திரம் போதும். மூடிக்கும் நீருக்கும் இடையே காற்றுக்கு இடமிருக்கட்டும். அதே வெப்பமுள்ள நல்ல நீரை நிரப்பி, அயோடின் சேராத கல்லுப்பைப் பொடித்து, தலைதட்டிய ஒரு தேக்கரண்டி அளவு கரையுங்கள். வலையால் பிடித்தால் துடுப்பு மேலும் கிழியும். குவளையால் முகந்து மாற்றுங்கள். நாள்தோறும் பாதி நீரை மாற்றி, ஊற்றும் புதுநீரிலும் அதே விகிதத்தில் உப்பிடுங்கள். பத்து நாட்களுக்கு மேல் உப்புநீரில் வைக்கலாகாது. துடுப்பின் ஓரத்தில் கண்ணாடி போன்ற மெல்லிய படலம் வளர்ந்தால் மீன் தேறுகிறது என்று பொருள். மூன்று நான்கு நாட்களில் குணம் தெரியவில்லையெனில், மீனுக்கென்றே விற்கப்படும் மருந்தைக் குறித்த அளவில் அப்பாத்திரத்திலேயே இடுங்கள். அந்நீரில் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போக வேண்டாம்.

மீனில்லாத அந்நாட்களிலும் தொட்டியின் வடிகட்டி ஓடிக்கொண்டிருக்கட்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சிட்டிகை மீன் உணவு போட்டால் நுண்ணுயிர்கள் பட்டினி கிடவா. பஞ்சைக் கழுவுவதாயின், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். குழாயடியில் கசக்கிப் பிழிந்தால் அத்தனையும் போய்விடும். உடலெங்கும் ரவை தூவியதுபோல் வெண்புள்ளி கண்டால் மட்டும் எச்சரிக்கை தேவை. அந்த ஒட்டுண்ணி தொட்டி நீரிலும் இருக்கும். 28 பாகை வெப்பத்தில், பத்து நாட்களேனும் மீனின்றித் தொட்டியை வைத்திருந்தால், தங்க உடலின்றி அது மடிந்துவிடும்.

தேறாத மீனைக் கொட்டகுடி ஆற்றிலோ கண்மாயிலோ விட்டுவிடாதீர்கள். அது விடுதலையன்று, அங்குள்ள மீன்களுக்கு நோயை அனுப்புவதாகும்.

பூனையைக் கட்டிவைத்து, உணவும் அளிக்காமல், தானே இரை தேடவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தது நாமறிந்ததே. கண்ணாடிக்குள் அடைபட்ட மீனால் வேறு நீர் தேடிப் போக முடியாது. அதற்கு வாய்த்த உலகம் நாம் ஊற்றும் நீர்தான்.

சிலமலைப் பிள்ளையிடம் இதையெல்லாம் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “அப்ப தண்ணிக்கும் உசுரு இருக்கு” என்றான். காலித் தொட்டியைக் கவிழ்த்து வைக்க முனைந்த தாயைத் தடுத்து, வடிகட்டியை ஓடவிட்டு, ஒரு சிட்டிகை உணவும் தூவினான். அடுத்த மீன் வரும்போது, அதற்குரிய நீர் ஆயத்தமாக இருக்கும், இன்ஷா அல்லாஹ்.