தொட்டில் காவல் காக்காது

தூத்துக்குடிக் கரையில், திரேஸ்புரத்திலோ தருவைகுளத்திலோ பிள்ளை பெற்று வீடு வந்தவளுக்குக் கிடைக்கும் முதல் புத்திமதி இது: "ஏட்டி, புள்ளைய மல்லாக்கப் போடாத, பால் பொரையேறிரும். தொட்டில்ல போடு, சொகமா ஒறங்கும்." சொல்பவர் ஆச்சி. பல பிள்ளைகளை வளர்த்த கை என்பதால் யாரும் மறுப்பதில்லை. நான் மறுக்கிறேன். அந்தப் பேச்சில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. இரண்டுமே பச்சைப் பிள்ளையின் மூச்சை நிறுத்தக்கூடியவை.

முதலில் புரையேறும் பயம். மல்லாந்து கிடக்கும் பிள்ளைக்கு உணவுக்குழல் கீழே, மூச்சுக்குழல் அதற்கு மேலே. எதுக்களித்த பால் மூச்சுக்குழலுக்குள் போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏறியாக வேண்டும். குப்புறப் போட்டால் எல்லாம் தலைகீழ். மூச்சுக்குழல் அடியில் இருக்க, பால் அதன் வாயருகே தேங்குகிறது. பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்துவிட்டு மல்லாக்கப் போடுவதே சரி.

இந்தப் பயத்துக்குப் படித்தவர்களும் பலியானார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக், உலகெங்கும் விற்ற தம் புத்தகத்தில், வாந்தி அடைத்துக்கொள்ளும் என்ற இதே காரணத்தைச் சொல்லி, 1950-களின் பிற்பகுதி முதல் குப்புறப் படுக்கவைக்கச் சொன்னார். பல நாடுகளின் தாய்மார் கேட்டார்கள். அது தவறு என்பதற்கான ஆதாரம் 1970-லேயே இருந்தது. அப்போதே அதைத் தொகுத்துப் பார்த்திருந்தால் பிரிட்டனில் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளில் குறைந்தது 50,000 குழந்தைகளும் பிழைத்திருப்பார்கள் என்று 2005-ல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அமெரிக்காவில் 1994-ல் மல்லாக்கப் படுக்கவைக்கும் இயக்கம் தொடங்கியது. உறக்கத்தில் திடீரென நேரும் சாவுகள் பாதிக்கும் கீழே இறங்கின. மருத்துவரின் நல்லெண்ணமே இத்தனை உயிரைக் கொண்டுபோயிற்று என்றால், ஆச்சியின் அன்பை மட்டும் சோதிக்காமல் விடலாமா?

அடுத்தது தொட்டில். அது ஏன் வந்தது என்பது எனக்குத் தெரியும். குடிசைத் தரையில் எறும்பு, எலி, ஈரம், வாசல் தாண்டி வரும் நாய். உத்தரத்தில் கட்டிய சேலை அத்தனையிலிருந்தும் பிள்ளையைத் தூக்கி வைத்தது. ஆனால் சேலை வளையும். பிறந்த பிள்ளையின் உடல் நீளத்தில் கால் பங்கு தலை. கழுத்தோ இன்னும் நிற்கவில்லை. வளைந்த துணியில் தாடை நெஞ்சில் முட்டி, மூச்சு வழி குறுகுகிறது. ஒருச்சாய்ந்தால் மூக்கு துணியில் புதைகிறது. விலக்கிக்கொள்ளப் பிள்ளைக்குத் தெரியாது. அழக்கூட மூச்சு இருக்காது. சாய்வான ஒரு தொட்டிலில் 30-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்த பிறகு, 2019 ஏப்ரலில் அமெரிக்காவில் ஏறத்தாழ 47 லட்சம் தொட்டில்களைத் திரும்பப் பெற்றார்கள். 10 பாகைக்கு மேல் சாய்ந்த உறங்குதொட்டில்களை 2022-ல் சட்டமே தடை செய்தது. நம் சேலையின் வளைவு அதைவிட அதிகம்.

"நாங்கல்லாம் தொட்டில்லதான வளந்தோம்?" வளர்ந்தவர்கள்தான் அப்படிக் கேட்க முடியும். போன பிள்ளைக்குக் காத்துக் கருப்பு என்றோ, பால் புரையேறியது என்றோ காரணம் சொல்லி முடித்தாயிற்று. தொட்டிலை யாரும் சந்தேகிக்கவில்லை.

மூச்சின் அருமை இந்தக் கரைக்குத் தெரியாததல்ல. 1961-ல் நடந்த கடைசி முத்துக்குளிப்பு வரை, கடலில் இறங்கியவரின் கயிற்றைப் படகில் ஒருவர் பிடித்தபடியே இருந்தார். மச்சினன் கையில்தான் அதைக் கொடுப்பார்கள் என்று இன்றும் சொல்வதுண்டு. தொட்டில் கயிற்றுக்கும் அந்தக் காவல் வேண்டும். கை கயிற்றிலும் கண் பிள்ளை மேலும் இருக்கும்வரை ஆட்டுங்கள், பாடுங்கள். உறங்கியதும் எடுத்துப் பாயில் கிடத்துங்கள்.

விடியுமுன் உப்பளத்துக்குப் போகிறவளால் இது முடியுமா? அவள் போனால் கயிறு ஏழு வயது அக்காள் கைக்கு வருகிறது. அந்தத் தாயை நான் குறை சொல்லவில்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017-ல் சட்டம் திருத்தப்பட்டது. தினக்கூலிக்கு உப்பு வாருகிறவளுக்கு அது எட்டாத தூரத்தில் நிற்கிறது. அளத்துக்கு அருகே ஒரு காப்பகம் கட்டிக் கொடுக்காமல் அவளுக்கு அறிவுரை மட்டும் சொல்வது அநியாயம்.

எறும்புக்கும் கொசுவுக்கும் தொட்டில்தான் வழி என்பதும் பழங்கதை. அரசு மருத்துவமனையில் பிரசவித்தவர்களுக்கு 2015-ல் தமிழ்நாடு அரசு கொடுக்கத் தொடங்கிய 16 பொருள் பெட்டகத்திலேயே குழந்தைப் படுக்கையும் வலையும் இருந்தன. படுக்கவைக்கும் விதத்தைத்தான் யாரேனும் கூடவே சொல்லித் தர வேண்டும். டிஸ்சார்ஜ் நாளில் தாயோடு ஆச்சியையும் நிறுத்தி, செவிலியர் செய்துகாட்டட்டும்: அமுங்காத சமமான விரிப்பு, மல்லாந்த பிள்ளை, தாய்க்குக் கையெட்டும் தூரம். தலையணை கூடாது. இந்த வெக்கையில் கம்பளித் தொப்பி கூடாது. அறைக்குள் பீடிப் புகையும் சாம்பிராணிப் புகையும் கூடாது. ஆச்சி தன் கையால் ஒருமுறை அப்படிப் படுக்கவைத்துக் காட்டிய பிறகே அவர்களை வண்டி ஏற்ற வேண்டும்.