எழுவாய் இல்லாத பட்டியல்

தளர்நடைக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு என்னென்ன வாங்கலாம் என்ற பட்டியல்கள் ஆய்வு மாணவர் குழுக்களிலும் இளம் ஆசிரியர் குழுக்களிலும் ஓயாமல் சுற்றுகின்றன. கழுத்தில் கட்டும் சிலிகான் பிப், மேசை முனைகளில் ஒட்டும் ரப்பர் காப்பு, அலமாரிப் பூட்டு, குளியலறையில் விரிக்கும் வழுக்காத பாய், கறை பிடிக்காத விரிப்பு, எழுத்துச் சொல்லித்தரும் பேசும் பொம்மை. கொல்கத்தாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களிடையே இப்பட்டியல் ஆங்கிலத்திலும் வங்காளத்திலும் தமிழிலும் கைமாறுகிறது. மூன்று மொழியிலும் அதன் இலக்கணம் ஒன்றே. அதில் எழுவாய் கிடையாது.

‘ஒருமுறை துடைத்தால் போதும்.’ ‘கழற்றிக் கழுவிவிடலாம்.’ ‘மடித்து வைத்துவிடலாம்.’ தமிழ் வினைமுற்று பொதுவாகச் செய்பவரைத் தன் விகுதியிலேயே காட்டிக்கொடுத்துவிடும். ‘துடைக்கிறாள்’ என்ற ஒரு சொல்லில் பெண் என்பதும் ஒருத்தி என்பதும் படர்க்கை என்பதும் அடங்கியிருக்கின்றன. ‘போதும்’ என்பதிலும் ‘-லாம்’ என்பதிலும் அந்த விகுதி இல்லை. வங்காள விளம்பரமும் ‘முச்சே நிலேய் ஹோலோ’ என்று இதே சந்தில் நழுவிக்கொள்கிறது. சொற்றொடர் ஆய்வில் எழுவாய் மறைவு குறித்துப் பக்கம் பக்கமாக எழுதுவோர், தம் வீட்டுக் கொள்முதல் பட்டியலில் மறைந்துள்ள எழுவாயைத் தேடுவதில்லை. துடைப்பவர் யார்?

தென் கொல்கத்தாவில் இதற்கான விடை விடியுமுன் ரயிலேறி வருகிறது. சியால்தா தெற்குப் பிரிவில் கேனிங்கிலிருந்தும் டைமண்ட் ஹார்பரிலிருந்தும் லக்ஷ்மிகாந்தபூரிலிருந்தும் வரும் புறநகர் ரயில்களில், இருள் பிரியும் முன்னரே பெண்கள் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். ஜாதவ்பூர், டாக்குரியா, பாலிகஞ்ச் நிலையங்களில் இறங்கி, அடுக்குமாடிகளுக்குள் பிரிந்து செல்கிறார்கள். நகரத்து நாக்கு அந்த ரயிலுக்கு ‘ஜி லோகல்’ என்று பெயர் வைத்திருக்கிறது. வங்காளத்தில் ‘ஜி’ என்றால் மகள். வடமொழி ‘துஹித்ரு’ பிராகிருதத்தின் வழியே தேய்ந்து வந்த சொல். மகளைக் குறித்த சொல் வேலைக்காரியைக் குறித்து, பின்னர் வசைக்கும் இளக்காரத்துக்கும் உரியதாயிற்று. படித்த வீடுகள் அதனைக் கூச்சத்துடன் கைவிட்டு ‘மாஷி’ என்கின்றன. தாயின் உடன்பிறந்தாள் என்று பொருள். சென்னை வீடுகள் ‘அக்கா’ என்று அழைப்பதைப் போன்றதுதான். உறவுச்சொல் இனிமையானது, செலவில்லாதது. சித்திக்கு வார விடுப்பு எத்தனை நாள் என்று யாரும் எழுதி வைப்பதில்லை அல்லவா?

பொருள்தான் வாழ்க்கையை எளிதாக்குகிறது என்ற நம்பிக்கையைக் கொல்கத்தா இருமுறை சோதித்துப் பார்த்திருக்கிறது. 2020 மார்ச்சில் நின்ற புறநகர் ரயில்கள் அவ்வாண்டு நவம்பர் 11-இல்தான் பொதுப் பயணிகளுக்காக மீண்டும் ஓடின. 2021 மே மாதம் மறுபடியும் நிறுத்தப்பட்டு அக்டோபர் இறுதிவரை அதே நிலை நீடித்தது. அந்த மாதங்களில் துணி துவைக்கும் இயந்திரம் வீட்டில் இருந்தது, பிப் இருந்தது, கறை பிடிக்காத விரிப்பும் இருந்தது. வராமற்போனவர் மாஷி ஒருவரே. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இணையவழி வகுப்பெடுத்த ஆசிரியைகளுக்கும், இயல் பாதியிலேயே நின்றுபோன ஆய்வு மாணவியருக்கும் எது இல்லாமல் வாழ்க்கை கடினமாயிற்று என்பது நன்கு தெரியும். தெரிந்தும், ரயில் ஓடத் தொடங்கியதும் பட்டியல் பழைய இலக்கணத்துக்கே திரும்பிவிட்டது.

இது பொருள்கள்மீது கொண்ட பகையன்று. குழந்தை வளர்ப்பு எக்காலத்திலும் பொருள்களோடு பின்னியதே. வங்காள வீடுகளில் பழைய சேலைகளை அடுக்கித் தைத்த காந்தா பச்சிளங்குழந்தைக்கு விரிப்பாகவும் போர்வையாகவும் பயன்பட்டது. பலமுறை துவைத்து நைந்த துணியின் மென்மை எந்தப் புதுத்துணிக்கும் வராது. தமிழ்நாட்டுப் பாலாடைக்கு இங்கே உறவு உண்டு: சிப்பி வடிவக் கரண்டியும் கிண்ணமுமாக அமைந்த ‘ஜினுக்-பாட்டி’. இவற்றின் முகத்தில் ஒரு நேர்மை இருந்தது. பாலாடை தானாக ஊட்டாது. ஊட்டும் கை ஒன்று வேண்டும் என்பதை அதன் வடிவமே சொல்லிவிடும். இன்றும் சில கொள்முதல்கள் உண்மையிலேயே பயன் தருகின்றன. கொல்கத்தாவின் பழைய வீடுகளில், தேங்கும் மழைநீருக்கு அஞ்சியும் அடியில் பெட்டிகளை அடுக்கவும் கட்டிலைச் செங்கல்மீது உயர்த்தியிருப்பார்கள். நடை பழகும் குழந்தைக்கு அது மலை. செங்கல்லை எடுத்துவிட்டுக் கட்டிலைத் தாழ்த்துவதற்குக் காசே தேவையில்லை. டெங்கு பரவும் ஊரில் பகலிலும் கட்டக்கூடிய கொசுவலை கட்டாயம் வேண்டும்.

ஆனால் பட்டியல் போடுவோர் எவருக்கும் நினைவுக்கு வராத ஒரு பொருள் இருக்கிறது: நீளமான கைப்பிடி உள்ள மாப். தரையில் தவழும் குழந்தைக்காக ஒரு நாளில் இருமுறை தரை துடைக்கப்படும் வீடுகளில், அந்த வேலை பெரும்பாலும் குந்தியமர்ந்து ஈரத்துணியால் செய்யப்படுகிறது. நின்று துடைத்தால் மூலை சுத்தமாகாது என்பது வீட்டினரின் வாதம். குழந்தையின் முழங்காலுக்குப் பஞ்சு வைத்த உறை வாங்கும் வீடு, ஐம்பது வயதுப் பெண்ணின் முழங்காலைக் கணக்கில் எடுப்பதில்லை. அதே பெண் அந்த வீட்டுக் கழிப்பறையைக் கழுவலாம், பயன்படுத்தக் கூடாது என்ற விதி இன்னும் எத்தனையோ அடுக்குமாடிகளில் நிலவுகிறது. அங்கும் ஒரு ‘-லாம்’ இருப்பதைக் கவனிக்கலாம்.

பேசும் பொம்மையின் கதை இன்னும் மோசமானது. பொத்தானை அழுத்தினால் ஆங்கிலத்தில் நிறங்களையும் விலங்குகளையும் சொல்லும் பொம்மைகள் ‘மொழித்திறன் வளர்க்கும்’ என்ற முத்திரையுடன் விற்கப்படுகின்றன. பால்புட்டிக்கும் குழந்தைப் பால்மாவுக்கும் விளம்பரம் செய்வதை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. பேச்சுக்கு மாற்று விற்பவர்களுக்கு அப்படியொரு கடிவாளம் இல்லை. பட்ரீசியா கூலும் அவருடைய குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு மொழியியல் வகுப்புகளில் பாடமாகவே நடத்தப்படுகிறது. ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்த ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து பன்னிரண்டு முறை விளையாடியபோது, அம்மொழியின் ஒலி வேறுபாட்டைக் குழந்தைகள் பிரித்தறிந்தார்கள். அதே ஆட்களின் அதே பேச்சைத் திரையில் கண்ட குழந்தைகளுக்கும் ஒலிப்பதிவாகக் கேட்ட குழந்தைகளுக்கும் அந்தத் திறன் வரவில்லை. அன்னா சோசா 2016-இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்று, ஒலியெழுப்பும் மின்னணுப் பொம்மையுடன் விளையாடும்போது பெற்றோர் பேசும் சொற்களே குறைந்துபோவதைக் காட்டியது. புத்தகத்தை விரித்தபோது சொற்கள் பெருகின. குழந்தைகளுக்கான ஒளிவட்டுகளை விற்ற டிஸ்னி நிறுவனம், அமெரிக்காவில் எழுந்த எதிர்ப்பை அடுத்து 2009-இல் பணத்தைத் திருப்பித்தர முன்வந்தது.

அப்படியானால் தாயும் தந்தையும் பல்கலைக்கழகத்தில் இருக்கும் எட்டு மணி நேரமும் குழந்தையிடம் நேரில் அமர்ந்து பேசுபவர் யார்? மாஷிதான். குழந்தை முதலில் திரட்டும் சொற்களில் பெரும்பகுதி, தெற்கு 24 பர்கனா மாவட்டத்து வங்காளத்தில் அவர் வாயிலிருந்து வருகிறது. ‘எங்கள் குழந்தை மாஷியைப் போலப் பேசுகிறதே’ என்று கவலைப்படும் பெற்றோர்தாம், அந்தப் பேச்சைத் திருத்துவதற்காகப் பொம்மை வாங்குகிறார்கள். வட்டார வழக்கு தாழ்ந்ததன்று என்று வகுப்பறையில் கற்பித்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் அதனைச் செருப்போடு வாசலில் விட்டுவிடுகிறார்கள். குழந்தையின் முதல் மொழியாசிரியர் அவர். கற்பிக்கும் பணிக்கு மட்டும் அந்த வீட்டில் ஊதியம் கிடையாது. கூலி தரைக்கும் பாத்திரத்துக்கும்தான்.

இந்த மறைப்பு இன்று நேற்றுத் தோன்றியதன்று. ‘ஆயா’ என்ற சொல் இந்தப் பொருளில் போர்த்துகீசிய ‘ஐயா’விலிருந்து வந்தது, தமிழ்நாட்டின் சில பகுதிகளில் பாட்டியைக் குறிக்கும் ‘ஆயா’வோடு அது ஒலியொற்றுமையால் கலந்துவிட்டது. பேரரசின் தலைநகராயிருந்த இந்நகரத்தின் ஐரோப்பியக் குடும்பங்கள் ஆயாக்களைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றன; ஊர் திரும்ப வழியின்றி அங்கே விடப்பட்டவர்களும் இருந்தனர். அவர்கள் தங்கிய லண்டன் ஹாக்னி இல்லத்துக்கு நினைவுப் பலகை கிடைக்க 2022 ஆயிற்று. மகாசுவேதா தேவியின் ‘ஸ்தனதாயினி’யில் ஊரார் பிள்ளைகளுக்குப் பாலூட்டுவதையே தொழிலாகக் கொண்ட யசோதா, மார்பகப் புற்றுநோயால் ஒருவருமின்றி இறக்கிறாள். கொல்கத்தாவின் இலக்கியத் துறைகளில் அந்தக் கதையின்மேல் எத்தனை கருத்தரங்குகள்! கருத்தரங்கு நடக்கும் மாலையில் பேச்சாளரின் குழந்தைக்குச் சோறூட்டுபவருக்குக் கூடுதல் நேரக் கூலி உண்டா என்ற கேள்வி மட்டும் எந்தக் கட்டுரையிலும் எழுவதில்லை.

வேலை கொடுப்பதே உதவிதானே என்பார்கள். உதவி என்ற சொல்லும் மாஷி என்ற சொல்லைப் போன்றதே, கணக்கைக் கேட்கவிடாது. கணக்கு ஒன்று இருக்கிறது என்பதை அப்பெண்களே சொல்லிவிட்டார்கள்: பஸ்சிம்பங்க கிருஹ பரிசாரிகா சமிதி 2018-இல் பதிவுபெற்ற தொழிற்சங்கமாயிற்று. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நலவாரியம் 2007-இலேயே அமைந்தது. வீட்டுப் பணியாளர் கண்ணியத்துக்கான 2011-ஆம் ஆண்டுப் பன்னாட்டுத் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா இதுவரை ஏற்கவில்லை. தனிச்சட்டம் ஒன்றின் தேவையை ஆராயக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றமே ஒன்றிய அரசுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பேறுகாலப் பயன் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் ஐம்பது அல்லது அதற்குமேல் ஊழியர் உள்ள நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டுமென்றது. ஒருத்தி மட்டும் வேலை செய்யும் வீடு எந்நாளும் அந்த எண்ணிக்கையைத் தொடாது. ஆய்வு மாணவிக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி 240 நாள் வரை விடுப்புத் தருகிறது. 241-ஆம் நாள் காலையில் மாஷி கேனிங்கில் ரயிலேறுகிறார். அவர் தம் குழந்தையை எங்கே விட்டுவிட்டு ஏறினார் என்பதற்கு எந்த விதியிலும் பத்தி இல்லை.

ஆகவே பட்டியல் போடுவோர் முதல் வரியைத் திருத்தட்டும். எழுதப்பட்ட ஊதியம், வாரம் ஒருநாள் விடுப்பு, நோயுற்ற நாளுக்கும் ரயில் நின்ற நாளுக்கும் வெட்டில்லாத கூலி, வீட்டினர் பயன்படுத்தும் அதே கழிப்பறை. அடுத்து, எந்தப் பொருள் வேலையைக் குறைக்கும் என்று அவரிடமே கேட்டு அதை வாங்கலாம். சிலிகான் பிப் அதற்குப் பிறகு வரட்டும்.

வளாகங்களில் குழந்தைக் காப்பகம் கேட்டுப் போராடும் ஆய்வாளர் சங்கங்களும் தம் கோரிக்கை மனுவை ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டும். காலை 10 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடும் காப்பகம் வகுப்பு அட்டவணைக்காக அமைந்தது. கேனிங் ரயில் அதற்கு வெகுநேரம் முன்பே ஜாதவ்பூருக்கு வந்துவிடுகிறது. காப்பகம் காலை 6 மணிக்குத் திறக்க வேண்டும். சேர்க்கைப் படிவத்தில் ‘பெற்றோரின் பதவி, துறை’ என்றிருக்கும் வரியை அடித்துவிட வேண்டும். பேராசிரியரின் குழந்தையும், அந்தக் குழந்தையை அழைத்துவரும் பெண்ணின் குழந்தையும் ஒரே பாயில் உட்காரும்படி இடம் ஒதுக்க வேண்டும்.