கருகிய ஹோல்டரும் நூறு வாட்ஸ் ஆசையும்

ஹெட்லைட் எரியவில்லை என்றால் நம் ஊரில் முதல் பழி பல்பின் மேல்தான் விழும். அடுத்து ஃப்யூஸ். இரண்டும் சரியாக இருக்கிறதென்று தெரிந்துவிட்டால், "வயரிங்ல எங்கயோ கோளாறு" என்று பொத்தாம்பொதுவாக ஒரு தீர்ப்பு வந்துவிடும். பல்பின் முதுகில் மாட்டியிருக்கும் மூன்று துளை ஹோல்டரைப் பிடுங்கித் திருப்பிப் பார்க்கிறவர்கள் குறைவு. பார்த்தால் பல வண்டிகளில் அங்கேயே விடை கிடைத்துவிடும். வெள்ளையாக இருந்த பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு துளை மட்டும் உருகி, உள்ளே இருக்கும் பித்தளை நாக்கு நீலம் பாரித்துக் கிடக்கும். கருகல் வாசனையும் வரும்.

இந்த ஹோல்டரை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளவும் வேண்டும் என்பதுதான் என் கட்சி. அதைவிட முக்கியமாக, அது ஏன் உருகியது என்று கேட்காமல் மாற்றக்கூடாது என்பதும்.

மின்வாரியத்தில் லைன் வேலையில் காலம் தள்ளியவன் நான். எங்கள் வேலையில் கம்பி அறுந்து வந்த தொல்லையைவிட, கம்பியும் கம்பியும் சேரும் இடத்தில் வந்த தொல்லைதான் அதிகம். ஜம்பர், கிளாம்ப், ஏ.பி. சுவிட்சின் பிளேடு. இவற்றில் எங்காவது பிடி தளர்ந்தால், சாயங்காலம் இருட்டும் நேரத்தில் கீழே நின்று பார்த்தாலே ஒரு புள்ளி சிவப்பாகத் தெரியும். பகலில் எத்தனை பேர் அண்ணாந்து பார்த்தாலும் தெரியாது. காரின் ஹோல்டரிலும் இதே சங்கதிதான், அளவு மட்டும் சிறியது.

கணக்கு எளிது. சாதாரண எச்4 பல்பு 60/55 வாட்ஸ். 12 வோல்ட்டில் ஹைபீம் போட்டால் ஒரு பல்புக்கு 5 ஆம்பியர். ஹோல்டரின் நாக்கு பல்பின் தகட்டை இறுக்கமாகக் கவ்வியிருக்கும் வரை அங்கே தடை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. வருஷக்கணக்கான அதிர்விலும் சூட்டிலும் நாக்கின் விறைப்பு போய், தடை 0.1 ஓம் ஆகிவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் மட்டும் இரண்டரை வாட்ஸ் சூடு பிறக்கும். இரண்டரை வாட்ஸ் என்றால் அலட்சியமாகத் தோன்றும். ரேடியோ ரிப்பேர்க் கடையில் இருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்ஸ். அதில் பத்தில் ஒரு பங்கை விரல் நகம் அளவு இடத்தில், காற்றுப் புகாத பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து, பக்கத்தில் ஏற்கெனவே பல நூறு டிகிரியில் கொதிக்கும் ஹாலஜன் கண்ணாடியையும் நிறுத்தினால் என்ன ஆகும்? நாக்கு சூடாகும். சூட்டில் விறைப்பு இன்னும் குறையும். மேலே ஆக்சைடு படியும். தடை ஏறும், சூடு ஏறும். ஒரு தடவை ஆரம்பித்துவிட்டால் தானாக நிற்கவே நிற்காது.

"அவ்வளவு சூடானா ஃப்யூஸ் போயிருக்கணுமே" என்று கேட்பவர்கள் உண்டு. ஃப்யூஸுக்குத் தெரிந்தது கரண்ட் ஒன்றுதான். இங்கே கரண்ட் கூடவே இல்லை. தடை வந்ததால் கொஞ்சம் குறைந்துகூட இருக்கும். ஃப்யூஸ் நிம்மதியாக உட்கார்ந்திருக்க, இரண்டடி தள்ளி ஹோல்டர் உருகும். ஷார்ட் சர்க்யூட்டுக்குக் காவல்காரன் உண்டு. லூஸ் கனெக்‌ஷனுக்குக் கிடையாது. இதைப் புரிந்துகொள்ளாமல் பெரிய ஃப்யூஸ் போட்டுவைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இனி நூறு வாட்ஸ் விவகாரம். என் அண்ணன் மகன் போன வருஷம் ஒரு பழைய கார் வாங்கினான். முன்பு வைத்திருந்தவர் 100/90 பல்பு போட்டிருந்தார். வயரிங் கம்பெனியில் வந்த அதே வயரிங். "செம வெளிச்சம் சித்தப்பா" என்று பெருமையோடு கொண்டுவந்து நிறுத்தியவனுக்கு, மூன்று மாதத்தில் இடது பக்கம் அணைந்துவிட்டது. ஹோல்டரைப் பிடுங்கினால் பாதி கையோடு வந்தது, மீதி பல்பிலேயே ஒட்டிக்கொண்டது. 60 வாட்ஸ் 100 ஆனால் கரண்ட் 5 ஆம்பியரிலிருந்து எட்டேகால் ஆகிறது. சூடோ கரண்டின் வர்க்கத்தில் ஏறும்: ஏறக்குறைய 2.8 மடங்கு. அதே 0.1 ஓம் தடையில் இரண்டரை வாட்ஸ் இப்போது ஏழு வாட்ஸுக்குப் பக்கத்தில். ஹோல்டர் மட்டுமா, ஸ்டியரிங் அடியில் இருக்கும் டிப்பர் சுவிட்சும் அத்தனை கரண்டையும் சுமக்க வேண்டும்.

வெளிச்சம் போதவில்லை என்ற குறை பொய்யில்லை. மணலூர்பேட்டையிலிருந்து திருக்கோவிலூர் பக்கமோ திருவண்ணாமலை பக்கமோ ராத்திரியில் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கரும்பு அரவைக் காலத்தில் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகும் டிராக்டர் டிரெய்லர்கள், பின்னால் ஒரு சிவப்பு விளக்கோ ரிஃப்ளெக்டரோ இல்லாமல், இருட்டோடு இருட்டாக ஊர்ந்துகொண்டிருக்கும். கழிகள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பத்தடி முன்னால் பார்ப்பதற்கும் ஐம்பதடி முன்னால் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் உயிர்தான். ஆனால் அதற்கு மருந்து 100 வாட்ஸ் பல்பு இல்லை. எதிரில் வருகிறவனின் கண்ணைக் குருடாக்கி விட்டு நாம் மட்டும் பார்ப்பது என்ன நியாயம்? ஆற்றுப் பாலத்தின் மேல் எதிரெதிரே இரண்டு பேர் இப்படி வந்தால் இருவருக்கும் நடுவில் சைக்கிளில் போகிறவர் இருவர் கண்ணிலும் படமாட்டார்.

பல்பை மாற்றுமுன் ஒரு மல்டிமீட்டரை எடுங்கள். எஞ்சின் ஓடும்போது, விளக்கைப் போட்டுவிட்டு, பேட்டரியில் எவ்வளவு, ஹோல்டரில் எவ்வளவு என்று பாருங்கள். பேட்டரியில் 13.8 வோல்ட், ஹோல்டரில் 12.2 என்று காட்டினால் வழியிலேயே 1.6 வோல்ட் தொலைகிறது. ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினால் வெளிச்சம் நிறைய இறங்கும். இந்தக் கணக்குக்கு மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போயே போச்சு. தொலைந்ததை மீட்டாலே போதும். மெல்லிய பழைய வயர், தேய்ந்த சுவிட்ச், துருப்பிடித்த எர்த், கருகிய ஹோல்டர் இவற்றைச் சரிசெய்து, இரண்டு ரிலே வைத்து பேட்டரியிலிருந்து நேராக ஃப்யூஸோடு லைன் கொடுத்தால், அதே 60/55 பல்பு புதுப்பிறவி எடுத்ததுபோல் எரியும்.

அண்ணன் மகன் முதலில் போன இடத்தில், பெயர் வேண்டாம், மொத்த வயரிங் செட்டையும் மாற்ற வேண்டும் என்று சில ஆயிரங்கள் சொன்னார்களாம். அடுத்த இடத்தில் ஹோல்டரே வேண்டாம், "டைரக்டா குடுத்துடறேன்" என்று மூன்று வயரையும் பல்பின் தகட்டிலேயே முறுக்கி டேப் சுற்றத் தயாரானார்கள். இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. உருகியது கால் சாண் நீளம். அதற்கு முழு வயரிங்கையும் மாற்றுவது, பல்வலிக்குத் தாடையை எடுப்பது மாதிரி. டேப் சுற்றுவது அதைவிட மோசம். அந்தச் சூட்டில் டேப்பின் பசை ஒழுகி, வயர் ஆடி, ஒருநாள் பானெட்டுக்குள் பாடியில் உரசும். மெக்கானிக்குகளை மட்டும் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. பொறுமையாகச் செய்தால் ஒரு மணி நேர வேலை, கூலி கேட்டால் நாம் தருவது நூறு ரூபாய், அதையும் தலைக்கு மேல் நின்றுகொண்டு "இன்னும் ஆகலையா" என்று கேட்போம். அவர் டேப்பைத்தான் எடுப்பார்.

ஆகவே, நேரம் இருக்கிற நாமே செய்துகொள்வது நல்லது. பீங்கான் ஹோல்டர், வயரோடு வருவது, ஆட்டோ எலெக்ட்ரிகல் கடைகளில் ஒன்றிரண்டு நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. பிளாஸ்டிக்கை விட அது சூடு தாங்கும். ஆனால் பீங்கான் என்பதற்காக மயங்க வேண்டாம். உள்ளே இருக்கும் நாக்கு இறுக்கமாக இல்லையென்றால் பீங்கான் உருகாது, அவ்வளவுதான். சூடு வயர் வழியே பின்னால் போகும். கடையிலேயே ஒரு பல்பை வாங்கிச் செருகிப் பாருங்கள். பிடுங்கும்போது கை சற்று வலிக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அடுத்த டப்பாவைத் திறக்கச் சொல்லுங்கள்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். வெட்டுவதற்கு முன் எந்த நிற வயர் எந்தத் துளையில் என்று செல்போனில் ஒரு படம். நிறத்தை மட்டும் நம்பாமல் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்ப்பது உத்தமம். ஜப்பான் வழி வந்த சில வண்டிகளில் பாசிட்டிவ் பொதுவாக இருக்கும், சுவிட்ச் நெகட்டிவ் பக்கம் இருக்கும். எர்த்தையும் லோபீமையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் இரண்டு இழைகளும் தொடராகி, சிம்னி விளக்கு மாதிரி மங்கலாக எரியும். அப்படித் தெரிந்தால் பல்பைத் திட்டாமல் வயரைப் பாருங்கள்.

பழைய வயரை எவ்வளவு வெட்டுவது என்பதில்தான் நம்மவர்கள் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். தோலை உரித்தால் செம்பு பளபளவென்று தெரிய வேண்டும். கறுத்திருந்தால் இன்னும் ஓர் அங்குலம், அதற்கும் கறுப்பு என்றால் இன்னும் ஓர் அங்குலம். கறுத்த செம்பில் எந்த ஜாயின்ட்டும் நிற்காது. சேர்க்கும் வயர் பல இழை கொண்ட ஆட்டோ வயராக, ஒன்றரை சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக் கம்பி வயர் வேண்டவே வேண்டாம், அதிர்வில் முறிந்துபோகும். நான் கிரிம்ப் கட்சி. ஈயம் வைத்துப் பற்றவைப்பது ரேடியோவுக்கு அழகு. ஆடுகிற, சூடாகிற இடத்தில் ஈயம் ஊறிய வயர் விறைத்து, அந்த விளிம்பில் ஒடியும். கிரிம்ப் அடித்து மேலே ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டால் போதும். மூன்று ஜாயின்ட்டும் ஒரே இடத்தில் வராமல் முன்பின்னாக வெட்டிக்கொள்ளுங்கள். லைனில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடங்களில் அது ஒன்று.

இவ்வளவும் செய்துவிட்டுப் பழைய பல்பையே மாட்டுவது சரியில்லை. அதன் தகடும் கருகிப் புள்ளி விழுந்திருக்கும். புது ஹோல்டரின் நாக்கை அதுவே கெடுத்துவிடும். புது பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு அதற்கு ஆகாது.

2024 டிசம்பர் வெள்ளத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.5 லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட்டு, தென்பெண்ணை கரை புரண்டதே, அப்போது தண்ணீரில் நின்ற வண்டிகளை எஞ்சின் ஆயில் மாற்றி, சீட்டைக் காயவைத்து ஓட்டத் தொடங்கியவர்கள் பலர். ஹோல்டருக்குள் புகுந்த சேற்றுத் தண்ணீரை யாரும் கவனிக்கவில்லை. செம்பிலும் பித்தளையிலும் பச்சைக் களிம்பு ஏறும். களிம்பு என்றால் தடை. அது உடனே காட்டாது, ஒரு வருஷம் இரண்டு வருஷம் கழித்து ஒரு ராத்திரியில் காட்டும். இருசக்கர வண்டிக்காரர்களுக்கு இது இன்னும் பொருந்தும். 2017 ஏப்ரல் முதல் வந்த வண்டிகளில் எஞ்சின் ஓடினாலே ஹெட்லைட் எரிகிறது. ஹாலஜன் பல்பு இருக்கும் வண்டியில் பகலெல்லாம் ஹோல்டர் வெந்துகொண்டிருக்கிறது.

எல்லா வண்டியிலும் கை வைக்கச் சொல்லவில்லை. எல்.இ.டி. விளக்கும் கம்ப்யூட்டர் கட்டுப்பாடும் உள்ள புது வண்டிகளில் ஹோல்டரை வெட்டுவது வேறு வம்பு. மஞ்சள் உறை போட்ட வயர் ஏர்பேக்குடையது, அதன் பக்கமே போகக்கூடாது. நான் சொல்வது எச்4 பல்பும் மூன்று வயரும் உள்ள பழைய வண்டிகளுக்கு. நம் பக்கத்துத் தெருக்களில் நிற்பவற்றில் அவைதான் அதிகம்.

ஒரு கண் அவிந்த காரை எதிரில் வருகிறவன் மோட்டார் சைக்கிள் என்றுதான் நினைப்பான். மோட்டார் சைக்கிளுக்கு வேண்டிய இடத்தைத்தான் ஒதுக்குவான். தை ஐந்தாம் நாள் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு நம் ஆற்றுக்கு எழுந்தருளும்போது எவ்வளவு வண்டிகள் வந்து, இருட்டிய பிறகு அதே குறுகிய சாலையில் திரும்பிப் போகின்றன. அவற்றில் எத்தனை ஒற்றைக்கண் என்று நான் பாலத்தோரம் நின்று எண்ணியதில்லை. ஆனால் எஃப்.சி.க்குப் போகும்போது விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்க்காமல் ஹோல்டரையும் ஒருமுறை பிடுங்கிப் பார்த்தால் எவ்வளவோ நல்லது என்று மட்டும் சொல்வேன்.

அண்ணன் மகன் வண்டிக்கு இரண்டு பீங்கான் ஹோல்டர், இரண்டு 60/55 பல்பு, இரண்டு ரிலே. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் முடிந்தது. இப்போது ஹோல்டரில் 13.5 வோல்ட் வருகிறது. அரைமணி நேரம் விளக்குப் போட்டு ஓட்டிவிட்டு, அணைத்த கையோடு வயரைத் தொட்டுப் பார்த்தோம். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். கழற்றிய நூறு வாட்ஸ் பல்புகளை என்ன செய்வது என்று கேட்டான். தூக்கிப் போடச் சொன்னேன். வேறு யாருக்காவது கொடுக்கலாமே என்றான், அதற்குத்தான் பயந்து நானே வாங்கி வைத்திருக்கிறேன்.